எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய இன்னொரு எண்

(திருத்தணியில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆற்றுநீரைச் சோதிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சோதிக்கும் முறைகளைவிட, சோதனையில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

வீட்டுக்கு ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருகிறவர் பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் நனைத்து எண்ணைக் காட்டுவாரே, அந்த டி.டி.எஸ். மீட்டர் இப்போது பல பள்ளிகளில் இருக்கிறது. கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்களின் அளவை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது சொல்கிறது. பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், நந்தியாற்றுத் தண்ணீர் என்று எதையும் விடமாட்டார்கள்.

ஐப்பசி மழை முடிந்த ஒரு வாரத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மழைக்கு முன்னாடி பெரிய நம்பர் காட்டுச்சு. இப்ப சின்ன நம்பர் காட்டுது. ஆறு சுத்தமாயிடுச்சா டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது?" என்று அவளிடம் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த உரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். நீரோட்டத்தின் அளவு தெரியாமல் எடுத்த செறிவு எண் பாதிச் செய்தி. அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஆற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆற்றுக்கு உப்பு எங்கிருந்து வருகிறது?

உப்பு என்றதும் பிள்ளைகள் சமையல் உப்பை நினைப்பார்கள். இங்கே கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், சிலிக்கா எல்லாமே கணக்கில் சேரும். மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் போனதும் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு இன்னும் சேர்கிறது. இப்படி உண்டாகும் மெல்லிய கார்பானிக் அமிலம் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது இப்படிக் கரைந்து வந்த பாறைதான்.

நீர் நிலத்துக்குள் எவ்வளவு காலம் தங்குகிறதோ, அந்த அளவுக்குக் கரைத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மாசி, பங்குனியில் ஆற்று மணலைத் தோண்டி எடுக்கும் ஊற்று நீர் பல மாதங்கள் நிலத்துக்குள் இருந்து மெதுவாகக் கசிந்து வருவது. கார்த்திகை மழையில் ஓடும் நீரின் பெரும்பகுதி நேற்றோ இன்றோ பெய்தது. பாறையோடு பழக அதற்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்காது. எனவே மனிதர் யாரும் எதையும் கொட்டாத ஆற்றில்கூட, கோடையில் எண் ஏறுவதும் மழையில் இறங்குவதும் பொதுவான வழக்கம்.

மனிதர் சேர்ப்பதையும் பார்ப்போம். கழிவுநீர்க் குழாய் ஒன்று ஆற்றில் விழுகிறது என்றால், ஆற்றில் வெள்ளம் ஓடுகிறதா, நூல் போல ஓடுகிறதா என்று பார்த்து அது விழுவதில்லை. ஏறக்குறைய ஒரே அளவில் தினமும் விழுகிறது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். நம் மாவட்டத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஊரில் கூட்டமும் கழிவும் கூடும் ஆடி மாதத்தில் ஆற்றில் பெரும்பாலும் பெரிய ஓட்டம் இருப்பதில்லை.

கரும்பலகையில் ஒரு கணக்கு

இதை வகுப்பில் விளக்க நான் ஒரு கற்பனை ஓடையைக் கரும்பலகையில் வரைவேன். ஓடை நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் கரைபொருள். ஓரத்தில் ஒரு கழிவுக் குழாய். அதிலிருந்து வினாடிக்கு 10 லிட்டர் விழுகிறது. அதில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். ஓடை நீரின் 300 மாறாது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம்.

முதலில் சாதாரண நாள். ஓடையில் வினாடிக்கு 90 லிட்டர். 90-ஐ 300-ஆல் பெருக்கினால் 27,000. 10-ஐ 2,000-ஆல் பெருக்கினால் 20,000. மொத்தம் 47,000 மில்லிகிராம், 100 லிட்டரில். ஆக, லிட்டருக்கு 470.

அடுத்து மழை நாள். ஓடையில் வினாடிக்கு 990 லிட்டர். அதே கணக்கைப் போட்டால் லிட்டருக்கு 317.

கடைசியாகக் கோடை. ஓடையில் வினாடிக்கு 10 லிட்டர்தான். இப்போது லிட்டருக்கு 1,150.

317, 470, 1,150. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக 500 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. இது குடிநீருக்கான அளவுகோல், ஆற்றுக்கானது அல்ல. ஆனாலும் ஒப்பிட உதவும். மழை நாளிலும் சாதாரண நாளிலும் நம் ஓடை 500-க்குள் நிற்கிறது. கோடையில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: "குழாயில் என்ன மாறியது?" ஒன்றுமே மாறவில்லை. வினாடிக்கு 20 கிராம், நாளொன்றுக்கு 1,728 கிலோ. மழையிலும் வெயிலிலும் அதே 1,728 கிலோதான் ஓடையில் விழுந்துகொண்டிருக்கிறது. இதைத்தான் சுமை என்கிறோம். செறிவை நீரோட்டத்தால் பெருக்கினால் வருவது சுமை.

இன்னொன்றையும் கேட்கலாம்: "ஓடை எந்த நாளில் அதிக உப்பைச் சுமந்தது?" பெரும்பாலான பிள்ளைகள் கோடை என்பார்கள். பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 டன். மழை நாளில் 27 டன். எண் மிகச் சிறியதாக இருந்த நாளில்தான் ஓடை அதிகச் சுமையைத் தூக்கிப் போயிருக்கிறது. இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். ஏழாம் வகுப்புக் கணக்கில் நடத்தும் எதிர் விகிதமும், பத்தாம் வகுப்பு அறிவியலில் நடத்தும் கரைசல்கள் பாடமும் இங்கே சந்திக்கின்றன.

நொய்யலும் பாலாறும்

இது கரும்பலகையோடு முடியும் கணக்கு அல்ல. பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு விசைத்தறி பழக்கமான தொழில். நூல் இருக்கும் இடத்தில் சாயம் இருக்கும். சாயத்தால் ஓர் ஆறு என்ன ஆனது என்பதைத் தமிழ்நாடு நொய்யலில் பார்த்தது.

பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு சேர்க்க வேண்டும். சாயம் நூலில் பிடிக்கும், உப்பு பிடிக்காது. போட்ட உப்பு கழிவுநீரோடு வெளியே போகும். சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையலாம், கரைந்த உப்பு குறையாது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியை நோக்கிப் போகும் நொய்யலில் ஆண்டின் பல மாதங்கள் இயற்கையான ஓட்டம் மிகக் குறைவு. திருப்பூருக்குக் கீழே பாசனத்துக்காக 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. நல்ல நீர் வந்து கலக்காத மாதங்களில் சாயக் கழிவே அணையில் தேங்கியது. உப்பேறிய நீரை வயலில் பாய்ச்ச முடியவில்லை, கிணறுகளும் கெட்டன. நீரைத் தேக்கக் கட்டிய அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. உப்பைப் பிரித்தெடுத்துக் கழிவே வெளியேறாத நிலையை எட்டாத சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது.

அதற்குப் பிறகும், மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வரும் நேரத்தில் சிலர் சாயக் கழிவைத் திறந்துவிடுவதாகச் செய்திகள் வந்தன. ஏன் மழை நேரம்? நாம் கரும்பலகையில் போட்ட கணக்கு அவர்களுக்கும் தெரியும் என்பதுதான் காரணம். வெள்ளத்தில் எண் இறங்கிவிடும். அன்றைக்கு மாதிரி எடுத்தாலும் பெரிதாகத் தெரியாது. எண்ணை மட்டும் பார்க்கப் பழகிய சமூகத்தை ஏமாற்றுவது எளிது. சுமையைக் கணக்கிடத் தெரிந்த சமூகத்தை அப்படி ஏமாற்ற முடியாது.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலின் கழிவு பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஊன்றியது. பாலாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கும் ஆறு. நீர்த்துப் போகச் செய்ய நீரே இல்லை. விழுந்த கழிவு மணலுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனதே, அப்போது ஆற்றுநீரைச் சோதித்திருந்தால் எண் சின்னதாகத்தான் வந்திருக்கும். அதை வைத்துப் பாலாறு குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம் மாணவர்கள் எழுந்து கேள்வி கேட்க வேண்டும்.

பாலாறு நமக்கு அந்நியமும் அல்ல. பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் போகிறது. அந்த ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையாற்றுக்கு வருகிறது. ஆந்திரத்திலிருந்து நகரியாறும், நம் ஊர் நந்தியாறும் கொசஸ்தலையில் சேர்கின்றன. எல்லாம் சேர்ந்து 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகின்றன. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்குவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். மேலே எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கீழே எண் மாறும். ஆற்றுக்கு மாநில எல்லை தெரியாது. எல்லையில் இருந்துகொண்டு தண்ணீரைச் சோதிக்கும் நமக்கு நீரோட்டக் கணக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

மழை எல்லாவற்றையும் கழுவிவிடாது

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, தண்ணீர் கூடினால் எண் எப்போதும் குறையும் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது.

நைட்ரேட்டைப் பாருங்கள். வயலில் போட்ட யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டுக்கு எதிர் மின்சுமை. மண் துகள்களின் பரப்பிலும் பெரும்பாலும் எதிர் மின்சுமையே. அதனால் நைட்ரேட் மண்ணில் ஒட்டாமல் நீரோடு கிளம்பிவிடும். வறட்சியில் மண்ணிலேயே சேர்ந்து கிடந்தது முதல் நல்ல மழையில் ஓடைக்கு வந்து சேரும். அப்போது நீரோட்டமும் கூடும், நைட்ரேட் செறிவும் கூடும். சாலைத் தூசி, சாக்கடைப் படிவு, ஆற்றுப் படுகையில் காய்ந்து படிந்திருக்கும் உப்பு ஆகியவையும் அப்படித்தான். முதல் வெள்ளத்தை நம் பெரியவர்கள் குடிக்க எடுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது.

அதனால்தான் வெள்ளம் ஏறும்போது எடுத்த மாதிரியும், வெள்ளம் வடியும்போது எடுத்த மாதிரியும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு நேரத்திலும் ஆற்றில் ஒரே அளவு நீர் ஓடினாலும் எண் வேறுபடும். ஏறும்போது மேற்பரப்பைக் கழுவி வந்த நீர். வடியும்போது மண்ணுக்குள் போய் மெதுவாகக் கசிந்து வரும் நீர்.

பாறையிலிருந்து வரும் கால்சியம், சிலிக்கா போன்றவையும் நம் குழாய்க் கணக்கைப் போல ஒழுங்காக நீர்த்துப்போவதில்லை. அமெரிக்காவில் மனிதர் தலையீடு குறைந்த 59 ஆறுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியானது. நீரோட்டம் பல மடங்கு மாறினாலும் பாறையிலிருந்து வரும் பொருள்களின் செறிவு அந்த அளவுக்கு மாறவில்லை என்று அது காட்டியது. மழை பெய்யும்போது ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்த பழைய நீரும் தள்ளப்பட்டு ஆற்றுக்கு வருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம்.

இதிலிருந்து வகுப்புக்கு ஒரு நல்ல உத்தி கிடைக்கிறது. நீரோட்டம் கூடும்போது ஒரு பொருளின் செறிவு வேகமாக இறங்கினால், அது குழாய் போன்ற நிலையான மூலத்திலிருந்து வரக்கூடும். செறிவு ஏறினால், அது நிலப்பரப்பில் சேர்ந்து கிடந்து கழுவப்பட்டு வரக்கூடும். பெரிதாக மாறாவிட்டால், மண்ணும் பாறையும் கொடுப்பதாக இருக்கக்கூடும். முடிவான தீர்ப்பாக இதைக் கொள்ளாமல் துப்பாகக் கொள்ளலாம்.

ஓட்டமே இல்லாத நிலையும் உண்டு. ஏரியில் தேங்கிய நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. நீர் பாதியானால் செறிவு இரு மடங்கு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். நீர் குறையும்போது அளவோடு தரமும் போகிறது.

சுமையைக் கணக்கில் வைத்தே ஆற்றை நிர்வகிக்கும் இடங்களும் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில் நிலத்தடி உப்பு பெரிய பிரச்சினை. அங்கே ஆற்றில் உப்புச் செறிவு இதற்குமேல் போகக் கூடாது என்று ஓர் இலக்கு இருக்கிறது. அதோடு, ஆண்டுக்குச் சராசரியாக 20 லட்சம் டன் உப்பு ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இன்னோர் இலக்கும் வைத்திருக்கிறார்கள். ஒன்று செறிவு, இன்னொன்று சுமை. இரண்டையும் பார்க்கிறார்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு டம்ளரும் ஒரு வாளியும் போதும். ஒரு கரண்டி உப்பை ஒரு டம்ளர் நீரிலும், அதே அளவு உப்பை ஒரு வாளி நீரிலும் கரைக்கச் சொல்லுங்கள். சுவைத்துப் பார்க்கட்டும். "எதில் அதிக உப்பு இருக்கிறது?" என்று கேளுங்கள். டம்ளர் என்று சொல்லும் குழந்தையிடம், "நாம் போட்டது எவ்வளவு?" என்று கேளுங்கள். செறிவு, சுமை என்ற சொற்கள் தெரியாமலே அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்குப் புரிந்துவிடும். இதற்கு நல்ல குடிநீரை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல், ஆழமில்லாத ஒரு வாய்க்காலில் நீரோட்டத்தையே அளக்கலாம். கரையில் 10 மீட்டர் குறித்துக்கொண்டு ஒரு காய்ந்த குச்சியை மிதக்கவிட வேண்டும். அது 20 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். வாய்க்காலின் அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் நீரோட்டம் வினாடிக்கு 255 லிட்டர். அந்த நேரத்தில் டி.டி.எஸ். மீட்டர் 400 காட்டினால் சுமை வினாடிக்கு 102 கிராம். ஒரு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 8.8 டன். ஒரு சின்ன வாய்க்கால், ஒரு நாளில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு லாரிப் பாரத்தைக் கொண்டு போகிறது. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்களையே மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள். வானவில் மன்றச் செயல்பாடாகவும் இதைச் செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வெள்ளக் காலத்தில் பிள்ளைகளை ஆற்றின் பக்கமோ தரைப்பாலத்தின் பக்கமோ கூட்டிச் செல்லக் கூடாது. எந்த அளவீடும் ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாகாது. அடுத்து, டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துத்திறனை. அதிலிருந்து கரைபொருளின் அளவைக் கணித்துக் காட்டுகிறது. அது குரோமியம் இருக்கிறதா, நைட்ரேட் எவ்வளவு, கிருமி உண்டா என்று சொல்லாது. சின்ன எண் காட்டினால் குடிக்கலாம் என்று எந்தப் பிள்ளையும் முடிவு செய்துவிடக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆறு கட்டம் போடுங்கள். தேதி, இடம், கடைசியாக மழை பெய்த நாள், நீரோட்டம், செறிவு, சுமை. ஓட்டத்தை அளக்க முடியாத நாளில், "முழங்கால் அளவு", "பாலத்தின் இரண்டாவது கண் வரை" என்று கரையிலிருந்து பார்த்ததை எழுதினாலும் போதும். வெறும் எண்ணை மட்டும் எழுதிவைப்பதைவிட அது எவ்வளவோ மேல். பள்ளிப்பட்டில் ஒரு பள்ளி, திருத்தணியில் ஒரு பள்ளி, பூண்டிப் பக்கம் ஒரு பள்ளி என்று சேர்ந்து இரண்டு பருவமழைக் காலம் இதை எழுதினால் நம் ஆற்றைப் பற்றி நம் கையிலேயே ஒரு பதிவு இருக்கும்.

நாளை இந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஊராட்சி மன்றத்தில் இருப்பார், ஒருவர் ஆய்வகத்தில் இருப்பார், ஒருவர் சாயப் பட்டறையே நடத்துவார். அவர்கள் முன் ஒரு அறிக்கை வைக்கப்படும். அதில் நீரின் தரம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கும். "இந்த மாதிரியை எந்த மாதம் எடுத்தீர்கள்? அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது?" என்று அவர்கள் கேட்டால், நாம் பாடம் நடத்தியதற்குப் பலன் உண்டு.